கறுப்பு பெல்ட்டில் புதுத் துளை

ஜூன் 3, செவ்வாய்
அனல். தம்பியை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்பூர் வீட்டுக்கே கூட்டி வந்தாயிற்று. இனி மருந்து வலிக்கு மட்டும் என்றார் டாக்டர். அவனிடம் சொல்லவில்லை.
எதிர் வீட்டம்மா விபூதி கொடுத்தார். ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.
வாங்க: இளநீர், பஞ்சு, பால்.
சாயங்காலம் அந்த ஃபிரெஞ்சுப் படம். தம்பி வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு வந்த வெள்ளைக்காரர் எப்போதோ அவனுக்குக் கொடுத்த டிவிடி. கராத்தே பைத்தியம் பிடித்த ஒரு தபால்காரன், எல்லாரிடமும் அடி வாங்குகிறான். சிரிப்புப் படம். தம்பி ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. வீரன் கதை என்று நினைக்கிறான். லுங்கியோடு பார்க்க மாட்டான். பேண்ட், பெல்ட்.
"நீதான் ஃபிரெஞ்சு டீச்சராச்சே. கடைசில இன்னா சொல்றான்னு சொல்லுக்கா."
தூங்கு, ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 5, வியாழன்
கல்லூரிக்கு லீவு நீட்டிப்பு. கரீம் வந்தார், தம்பியோடு கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர். பிரியாணி. தம்பி வாசனை மட்டும் பிடித்தான்.
"இன்னா மாஸ்டர், பெல்ட்டு லூசாய்டுச்சா?"
தம்பி கராத்தே பழகிய நாளில், பிளாக் பெல்ட் என்றால் தோல் பெல்ட் என்று நம்பி, வெட்டி மிஞ்சிய தோலில் தானே தைத்துக்கொண்டது. பக்கிளோடு. துணி என்பது சென்னைப் போட்டியில்தான் தெரிந்ததாம்.
"எல்லாம் சிரிக்கிறாங்கக்கா. இவன் 'எங்க ஊரு பெல்ட்டு இதான்'னு அதையே கட்டிகினு எறங்கிட்டான். மொத அடியிலயே அவுட்டு."
தம்பியும் சிரித்தான். பிறகு இருமல், வெகுநேரம்.
போகும் முன் கரீம் பெல்ட்டில் புதுத் துளை போட்டுத் தந்தார். பழையவற்றிலிருந்து ரொம்ப உள்ளே.

ஜூன் 8, ஞாயிறு
தூறல். கடைசிக் காட்சி. தபால்காரன் அடிபட்டு எழுந்து, சட்டையைச் சரிசெய்து, எதிராளியிடம் பணிவாக ஏதோ கேட்கிறான். கேட்பது, கக்கூஸ் எந்தப் பக்கம்.
"இன்னாக்கா சொல்றான்?"
தேற்றுவதற்காகப் பொய் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது.
"'இன்னும் ஒரு தடவ வா'ங்கறான்."
என் முகத்தையே பார்த்தான். "அப்டித்தான் நெனச்சேன்."
பால் பொங்குகிறது என்று சொல்லிச் சமையலறைக்குப் போய்விட்டேன். பால் பொங்கவில்லை. சும்மா நின்றேன்.

ஜூன் 10, செவ்வாய்
மருந்து கூட்டியாயிற்று. பேச்சு கம்மி. படம் போடு என்று கை காட்டினான். பேண்ட் மாட்டி உட்கார வைத்தால் நழுவுகிறது. கரீம் போட்ட துளையும் போதவில்லை. தானே பெல்ட்டை உருவி என்னிடம் நீட்டினான்.
"இன்னும் ஒரு தடவ."
சுத்தியலும் ஆணியும் தேடி எடுத்தேன். வாசற்படியில் வைத்து அடித்தேன். கோணல் துளை. பக்கிளைத் தாண்டித் தொங்கிய நுனியை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் முதுகுப் பக்கம் கொண்டுபோய்ச் செருகினேன்.