பயணம் சொல்லாத வீடு

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மர்ஷூதா றாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் சுகமா இருக்க துஆ செய்றன். இஞ்ச நாங்களும் சுகம் எண்டு எழுதக் கை வருதில்ல. போன் எடுத்தா நீங்க தூக்குறீங்க இல்ல. அது உங்கட நியாயம். அதுதான் லீவு முடிஞ்சு அங்க வாற ஜவுபர் காக்காக்கிட்ட இதக் குடுத்தனுப்புறன்.

நாங்க உம்றாவுக்கு வெளிக்கிட்ட கதைய என்ர வாயால நீங்க கேக்கல்ல. என்னப் பத்தி உங்களுக்குத் தெரியும், சோறு தின்னவும் நேரம் குறிக்கிற மனிசன். வீட்டில இருந்து மக்கா மட்டும் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில ஒட்டி, ஒரு பிரதிய சட்டைப் பைக்கயும் வெச்சிருந்தன். சொந்தக்காரரிட்டப் பயணம் சொல்லி, செஞ்ச பிழைகளுக்கு மாப்புக் கேக்கப் போறதுக்கும் அதில வீட்டுக்குப் பத்து நிமிசம். நிந்தவூர்ல உங்கட உம்மா, எங்கட பெரியம்மாட வீட்டத்தான் கடைசியாப் போட்டன். என்ர தங்கச்சிர கல்யாணத்துக்கு நேரில வந்து சொல்லாமக் கார்ட்டக் குடுத்தனுப்பின எண்டு பெரியம்மா எங்கட உம்மாவோட அஞ்சு வருசமாக் கதைக்கல்லயே. ரெண்டு பேரும் அழுது முடிக்கவே ஒரு பின்னேரம் வேணும் எண்டு நினைச்சன். அந்தப் பின்னேரம் பாத்து அடை மழை. சாமான் கட்டுற வேலையும் கிடந்தது. போகல்ல.

வெளிக்கிட்ட அண்டைக்குக் காரைதீவுச் சந்தியில வேன் அம்பாறைப் பக்கம் திரும்பக்குள்ள உம்மா என்ர தோளத் தொட்டா. நேர போ மகன், நிந்தவூர் ரெண்டு எட்டுத்தானே, வாசல்ல நிண்டு மாப்புக் கேட்டுட்டு வந்திடுறன் எண்டா. நான் தாளப் பாத்தன். மஹியங்கனையில லுஹர் தொழுகை எண்டு எழுதியிருந்தது. ஏயார்போட்ல இருந்து போன்ல கதைப்பம் எண்டன். டிரைவர் பக்கீர் முகைதீன் நேர விடவா எண்டு ரெண்டு தரம் கேட்டான். வேணாம் எண்டது நான்தான். மறுகா ஏயார்போட்டுக்கு அஞ்சு மணித்தியாலம் முந்திப் போய்க் கதிரையில குந்திக்கிட்டு இருந்தம். அங்க இருந்து உம்மா பெரியம்மாக்கு எடுத்த போனுக்குப் பதில் இல்ல.

மதீனாவில இருக்கக்குள்ள பெரியம்மா மௌத்தான செய்தி வந்தது. உம்மா அழல்ல. என்ர கூடப்பிறந்த றாத்தா மாப்புத் தராமப் போயிட்டா, இந்த உம்றாவ அல்லாஹ் ஏத்துக்குவானா, கபூலாகுமா எண்டு கேட்டா. இப்பவும் அதத்தான் கேக்கிறா. மௌலவி வந்து எவ்வளவோ சொல்லிப் பாத்தார். கொண்டு வந்த ஸம்ஸம் தண்ணிய ஆருக்கும் குடுக்க விடுறாவும் இல்ல.

இன்னொண்டு. உம்மாக்கிட்டச் சொல்லாத விசயம். பெரியம்மாட பக்கத்து வீட்டுக்காரி சித்தி லைலா சொன்னா, நாங்க வெளிக்கிட்ட அண்டைக்குப் பெரியம்மா விடிய எழும்பி இறைச்சி ஆணம் காய்ச்சி, முன்கதவத் திறந்து வெச்சுக்கிட்டு இருந்தாவாம். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகுதான் பூட்டினாவாம். இதக் கேட்ட நாள்ல இருந்து எனக்குச் சோறு இறங்குதில்ல றாத்தா.

உங்கட உம்மா கடைசியா உங்களோட என்ன கதைச்சா எண்டு நான் கேக்கல்ல, கேக்கப் பயம். உம்மாக்கு ஒரு போன் எடுங்க. போன நான் தொட மாட்டன், என்ர மனிசி றிஸ்லா தூக்குவா. பெரியம்மா அவவ மன்னிச்சிட்டா எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. அது பொய்யா இருந்தா அந்தப் பாவம் என்ர தலையில. எனக்கு மாப்புத் தாங்க எண்டு இத எழுதல்ல.

அல்லாஹ் உங்கட மனசுக்குப் பொறுமையத் தரட்டும். எந்த நேரம் எண்டாலும் எடுங்க. உம்மா நித்திரை கொள்றல்ல.

உங்கட தம்பி,
பஹ்மி