இஸ்திரி போட்ட உயில்

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். நீங்கள் "ம், சொல்லு" என்றாலே எனக்குப் பாதி மறந்துவிடுகிறது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. இஸ்திரிக் கடையில் நிற்பதையும் அவள் குறைக்கவில்லை. நீங்கள் பேசாத இந்த மூன்று வாரத்தில் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. போனை மட்டும் மேசை மேலேயே வைத்துக்கொள்கிறாள்.

ஊருக்குத் திரும்பி வந்து அந்தக் கடை இடத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்க நீங்கள் நினைத்திருந்தது எனக்குத் தெரியும். கடையை அம்மா ஆராய்ச்சிக்கு எழுதிவைக்கிறாள் என்றதும் உங்களுக்கு வந்த கோபத்தைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் "பெத்த பிள்ளையைவிட ஆராய்ச்சிக்கூடத்து எலி ஒசத்தியா?" என்று நீங்கள் கேட்டதற்கு, மறுநாள் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்தபடி அம்மா சொன்ன பதில் இது: "வீடு உங்க ரெண்டு பேருக்கும். எலிக்கா கடைய எழுதுறேன்? தேடுறவங்களுக்கு எழுதுறேன்."

அப்பாவின் நுரையீரல் நோய்க்கு இன்னும் மருந்து வரவில்லை என்று டாக்டர் சொன்னபோது நாம் இருவரும் அழுதோம். அம்மா மட்டும், "யாராவது தேடுறாங்களா?" என்று கேட்டாள். அவர் ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஆறு வருடமாக அது அவள் பர்ஸில் இருந்திருக்கிறது. பட்டம் வாங்கியவள் நான். அந்தச் சீட்டை நான் மறந்தே போயிருந்தேன்.

தன் காலத்துக்குப் பிறகு கடையை விற்றால் எத்தனை நாள் தேட முடியும் என்று அறக்கட்டளைக்கு அவளே போன் செய்து கேட்டாள். ஓர் ஆராய்ச்சியாளரின் நாலு மாத வேலைக்கு ஆகும் என்றார்களாம். அவ்வளவுதானா என்றேன். "அப்பா படுத்திருந்ததும் நாலு மாசம்தான். அது எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

போன வாரம் வக்கீலிடமிருந்து உயிலை வாங்கி வந்தேன். என் பையில் கசங்கிவிட்டது. கையெழுத்துப் போடும் காகிதம் இப்படியா இருப்பது என்று அம்மா அதற்கு இஸ்திரி போட்டாள். பெட்டியின் சூட்டில் அச்சு இளகி, பாதி உயில் மேசைத் துணியில் ஒட்டிக்கொண்டது. வக்கீல் சிரித்துக்கொண்டே வேறு பிரதி எடுத்துத் தருவதாகவும், ஏதாவது மாற்ற வேண்டுமானால் இப்போதே சொல்லும்படியும் சொன்னார்.

அம்மா ஒன்றை மாற்றினாள். உயிலை நிறைவேற்றுபவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போடச் சொன்னாள். அண்ணன் கோபமாக இருக்கிறாரே என்றேன். "இருக்கட்டும். நீ கூச்சப்பட்டு, எவனாவது அதட்டினா தலையாட்டிட்டு வந்துருவ. அவன் என்னைத் திட்டிக்கிட்டே போயி, ஒரு பைசா குறையாமக் குடுத்துட்டு வருவான்" என்றாள்.

வியாழக்கிழமை கையெழுத்து. உங்கள் சம்மதம் தெரியாமல் பேனாவைத் தொடமாட்டாளாம். நீங்கள் மறுத்தால் வேறு பெயரைத் தேடவும் மாட்டாள் என்றே தோன்றுகிறது.

அண்ணா, முடியாது என்றால் எனக்கு எழுதுங்கள், நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். சரி என்றால், அதை நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள். போன் மேசை மேல்தான் இருக்கிறது.

உங்கள் அன்புத் தங்கை