தம்பி தருவதாகச் சொன்ன சிறுநீரகம்

மார்ச் 4, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து வந்தேன். வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். ஒன்பது வருடம் கழித்து. அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் எட்டிப் பார்க்காதவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "அக்கா, என் கிட்னி ஒண்ணு எடுத்துக்கோ."

இவனுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கம்பெனியில் தைத்த சட்டைகளில் குறை தேடி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. பதினெட்டு வருடமாக. குறையே இல்லாத சட்டை வந்தால்தான் எனக்குச் சந்தேகம் அதிகமாகும்.

மார்ச் 5

வீடு. அதுதான். அம்மா எனக்கு எழுதிவைத்த இந்த வீட்டின் மேல் கண்.

மார்ச் 6, வியாழன்

கடவுளிடம் பேசினேன். பேசினேன் என்ன, சண்டைதான். இவன் கடைசியில் என்ன கேட்பான், எங்கே போய் முடியும், எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடு என்றேன். பதில் இல்லை. மெஷினோடு நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்கிறேன், பதில் சொல்ல இதைவிட வசதியான ஆள் அவருக்கு எங்கே கிடைப்பாள்?

வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு எண்ணம் மட்டும் — அவனுக்குப் போன் பண்ணு. இது கடவுளா, சாகப் பயந்த என் மனசா? தெரியவில்லை. பண்ணினேன். ரத்தப் பரிசோதனை மட்டும், அதற்கு மேல் எதற்கும் நான் சம்மதிக்கவில்லை என்றேன். உடனே சரி என்றான். அதென்ன, உடனே?

மார்ச் 15, சனி

பொருந்துகிறதாம். தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட்டான். நடிப்பாகத் தெரியவில்லை. கைதேர்ந்தவன் நடிப்பு அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 16

வீட்டுப் பத்திரத்தை ஃபைலில் போட்டு, திறந்தால் விழுகிற மாதிரி உள்ளே ஒரு தையல் நூலிழையை வைத்து, அவன் எதிரில் மேஜைமேல் விட்டுவிட்டு டீ போடப் போனேன். வேண்டுமென்றே பத்து நிமிடம். திரும்பி வந்தால் ஃபைல் அலமாரி மேல் இருந்தது. டீ சிந்திவிடும் என்று எடுத்து வைத்தானாம். அவன் போனபின் திறந்தேன். நூல் வைத்தது வைத்தபடி. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மார்ச் 20, வியாழன்

டயாலிசிஸுக்குத் துணைக்கு வந்தான். எதுக்குடா இதெல்லாம் என்று நேராகவே கேட்டுவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மாவுக்கு ஒண்ணும் பண்ணல. அந்தக் கட்டிலப் பாக்கவே பயமா இருந்துச்சுக்கா."

நான் மட்டும் பயப்படாமலா இருந்தேன்? அத்தனை ராத்திரியும் தனியா உக்காந்தது யாரு? இவன் பயமா இருந்துச்சுன்னு சொல்லிட்டா ஆச்சா?

மார்ச் 22, சனி

மொத்தக் கதையையும் சொல் என்று கடவுளிடம் கேட்பதை விட்டுவிட்டேன். நம்பிக்கை வந்துவிட்டது என்றில்லை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அடுத்து என்ன, அதை மட்டும் சொல் என்றேன். கிட்னி கொடுக்குமுன் அவனுக்கு எடுக்க வேண்டிய ஸ்கேனுக்குச் சரி சொல் என்று பட்டது. சொல்லிவிட்டேன். இதில் ஏதாவது உள்குத்து இருந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன், கடவுளே.

ஏப்ரல் 3, வியாழன்

ஸ்கேன் முடிவு வந்தது. டாக்டர் தம்பியை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்குத் தெரியாதா? பின்வாங்கப் போகிறான், டாக்டரையே சாக்காக்கப் போகிறான். வெளியே வந்தவன், "முடியாதுக்கா" என்றான்.

"தெரியும்டா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் கடவுளைத் திட்டினேன்.

ஏப்ரல் 4

தம்பி மனைவி போன் செய்தாள். அவன் கிட்னியில் கட்டி. புற்று. சின்னதுதானாம். வலியில்லை, அறிகுறியில்லை. இந்த ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால், தெரியவரும்போது கைமீறிப் போயிருக்குமாம். இப்போது எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான். ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்கிறானாம்.

நான் அவனிடம் தெரியும்டா என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

இனி அவன் கிட்னி எனக்குக் கிடைக்காது. அழுதேன். அதையும் எழுதிவைக்கிறேன். கடவுளே, இவனைப் பிழைக்க வைக்கத்தானா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாய்? அப்படியென்றால் என் கதி? அதற்குப் பதில் இல்லை. போய் அவனைப் பார் என்பது மட்டும்தான்.

ஏப்ரல் 6

போனேன். ஜன்னலோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தான். படுத்தால் அம்மா மாதிரியே எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். திட்ட வேண்டும் என்றுதான் கிளம்பிப் போனேன். வாயில் வந்தது வேறு. "நான் பக்கத்துலயே இருக்கேன்டா. வா."

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் கீழ்த்தளத்தில் எனக்கு டயாலிசிஸ், மூன்றாவது மாடியில் அவனுக்கு ஆபரேஷன். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் காத்திருப்போர் வரிசைதான், எத்தனையாவது இடம் என்றுகூடச் சொல்ல மறுக்கிறார்கள். டயாலிசிஸ் ஊசி எடுத்த கையில் போட்ட கட்டோடு போய் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மயக்கம் தெளிந்ததும் என்னைத்தான் தேடினான். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் இனி ஒவ்வொரு தடவையும் என்னோடு டயாலிசிஸுக்கு வருவானாம்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை.