கழுவி வைத்த தயிர் டப்பா

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு மாதக் கடைசியில் வந்துவிடுவதாக அண்ணனுக்கு எழுதியிருக்கிறீர்கள். அவன் படித்தான், மடித்தான், எழுந்துபோய் உங்கள் துணி அலமாரியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். பிறகுதான் கடிதத்தை என்னிடம் நீட்டினான். உங்கள் மகள் சின்னக்குட்டிக்கு இன்னும் சொல்லவில்லை. நான் கடிதத்தை எங்கள் தையல் கடைக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு வேளையிலும் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது அண்ணி. உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் மேல் பாதி, உங்கள் மேல் பாதி.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். போன விடுமுறையில் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? தயிரில் இருக்கும் பாக்டீரியாவும், புளித்த மாவில் இருப்பதும், இலை மேல் வாழ்வதும் ஒரே வம்சத்துப் பங்காளிகள் என்றீர்கள். ஒவ்வொன்றின் மரபணுத் தொகுப்பையும் எழுத்து எழுத்தாகப் படித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் எவ்வளவு வித்தியாசம், யார் எப்போது தனிக்குடித்தனம் போனார்கள் என்று தெரிந்துவிடும் என்றீர்கள். இலையில் இருப்பவன் கிடைத்ததைத் தின்று, வேண்டியதைத் தானே செய்துகொள்கிற பிழைப்பாளி. பாலுக்குள் குடிபோனவனுக்கு எல்லாம் உட்கார்ந்த இடத்தில் கிடைத்துவிடுகிறது. அதனால் தலைமுறை தலைமுறையாகச் செய்யத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டான். தொலைத்ததன் உடைந்த துண்டுகள் மட்டும் அவனுக்குள் இன்னும் கிடக்கின்றன. நான் உடனே, "அப்போ அண்ணன் பால்ல வாழுற ஆளு" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் மேடையிலிருந்து டம்ளர் விழுந்தது.

அந்த ஆள் இப்போது எப்படி இருக்கிறான் தெரியுமா? பாலுக்கு உறை ஊற்றக்கூடத் தெரியாமல் இருந்தவன், சட்டைக்குப் பித்தான் தைக்கிறான், குட்டிக்கு ரெட்டைப் பின்னல் போடுகிறான். ஒரு பின்னல் வடக்கே பார்க்கும், ஒன்று தெற்கே பார்க்கும், அது வேறு. தொலைந்த மரபணு சுலபத்தில் திரும்பாது என்றீர்களே, உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் உங்கள் கணக்கு பொய்த்துப்போனது.

சரி, டப்பா விஷயம். இலை சேகரிக்கப் போன இடத்தில் சுத்தமான குப்பிகள் தீர்ந்துவிட, நீங்கள் கழுவி வைத்திருந்த கடைத் தயிர் டப்பாவில் கடைசி இலைகளைப் போட்டு மூடியிருக்கிறீர்கள். அண்ணி, நம் வீட்டு ஆள் வேறு என்ன செய்வார்? தயிர் டப்பாவைத் தூக்கி எறிகிற பழக்கம் நம் பரம்பரையிலேயே கிடையாதே! நம் பரண் மேல் இருக்கும் டப்பாக்களைக் கீழே இறக்கினால் நாம் வெளியே படுக்க வேண்டும்.

அந்த இலையில் ஒரு பாக்டீரியா, பாலைச் செரிக்கும் எல்லா மரபணுக்களோடும் கிடைத்தது. இலையிலிருந்து பாலுக்குத் தாவியவர்களில் பாதி வழியில் நிற்பவனைப் பிடித்துவிட்டதாக ஆய்வுக்கூடமே கொண்டாடியது. பேராசிரியர் கைகுலுக்கினார். கட்டுரையும் தயார். உங்களுக்கு மட்டும் உறுத்தியிருக்கிறது. இலையில் வாழ்கிறவன் இவ்வளவு தொலைத்திருக்கக் கூடாதே என்று. கடைக்குப் போய் அதே தயிரை வாங்கி, அதிலிருந்த பாக்டீரியாவையும் படித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். எழுத்துக்கு எழுத்து அதே ஆள். இலையில் பிடித்தவன் டப்பாவின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வந்தவன்!

இதற்கு மேல்தான் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அந்தத் தயிர் வாங்கிய விஷயம் உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நீங்களோ கூட்டத்தில் எழுந்து நின்று, கடைத் தயிரையும் மேசை மேல் வைத்து, "தப்பு என்னுதுதான், டப்பாவில போட்டது நான்தான்" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

எங்கள் கடையில் கட்டிங் மாஸ்டர் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக் கையைக் குட்டையாக வெட்டிவிட்டார். வந்து கேட்டபோது, கண் இமைக்காமல், "துணி சுருங்கிடுச்சும்மா" என்றார். துவைக்காத துணி சுருங்குமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற உலகம் இது. கைக்கு வந்த பெயரை நீங்களே தூக்கிக் கீழே வைத்தீர்கள். உங்கள் கதையைக் கடையில் சொன்னேன். மாஸ்டர் கத்தரியை மேசை மேல் வைத்தார். பிறகு, "உங்க அண்ணி பெரிய மனுஷிம்மா" என்றார். எனக்குப் பெருமையில் தலை கால் புரியவில்லை.

அங்கே உங்களைத் 'தயிர் டப்பா' என்று கூப்பிடுகிறார்களாம். கூப்பிடட்டுமே! சிரிக்கிறவன் பல்லில்தான் காற்றுப் படும், உங்களுக்கு என்ன? உங்கள் பேராசிரியர் சொன்னதை நீங்களே எழுதிவிட்டு, படிக்காதவர்போல அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். "மறுபடி இலை பறிச்சிட்டு வாங்க, மரம் எங்கேயும் ஓடிப் போயிடல" என்றாராம். வெளியே போகச் சொன்னது யார் அண்ணி? உங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, "தயிரோட தாத்தா யாருன்னு தேடுறாங்க" என்றாளாம். பிறகு வீட்டுக்கு வந்து, "தாத்தா கிடைச்சாச்சா?" என்று அண்ணனைக் கேட்டாள். அவன் எழுந்துபோய்ப் பரணில் ஏறினான். தயிர் டப்பாக்களை ஒன்றுவிடாமல் இறக்கி, மூட்டை கட்டி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

வந்து என் எதிரே உட்கார்ந்தான். "நீ எழுது. வராதேன்னு எழுது. எனக்குக் கை வரலை" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசியாம்.

அதனால்தான் எழுதுகிறேன். எனக்கும் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வராதீர்கள் அண்ணி. கால் பிடித்துக் கேட்கிறேன், அந்த மரத்தடிக்கு இன்னொரு முறை போங்கள். சுத்தமான குப்பிகளோடு போங்கள். முடித்துவிட்டு வாருங்கள், எத்தனை நாள் ஆனாலும். உங்கள் அலமாரியை அவன் இன்று காலையிலும் துடைத்தான்.

எப்போதும் உங்கள் பக்கம் நிற்கும்
நாத்தனார்