சிரிக்கச் சொன்னவள்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். யூனிபார்ம் காயவில்லை. லீவு நாள்தான், ஆனாலும் கார்மென்ட்ஸ் கம்பெனி வேன் வந்தது. எல்லோரையும் புதுக்கோட்டைக்குப் படத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம். டிக்கெட், பப்ஸ், டீ இலவசம். தியேட்டர் வாசலில் ‘பெண்கள் பாதுகாப்பு விழிப்புணர்வு’ என்று பிளெக்ஸ். அதில் ஆளுயரத்துக்கு எங்கள் மேனேஜர், கைகூப்பியபடி. என்னோடு வேலை பார்க்கிற ஜெசிந்தா புகார் எழுதிக் கொடுத்திருப்பது அந்த ஆள் மேல்தான்.

படம்: ஒரு மந்திரி. அவர் ஆபீஸில் டைப்பிஸ்ட் பெண். கதவைச் சாத்துகிறார். புகார், கமிஷன், டிவி விவாதம். எதிர்க்கட்சிக்காரன் அவளை மேடையேற்றி ஓட்டுக் கேட்கிறான் (அது மட்டும் நிஜம்). கடைசியில் கோர்ட்டில் நீளமாகப் பேசுகிறாள். தியேட்டரே கைதட்டியது. முன்வரிசை டெய்லர் அக்காக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேன்டீனில் ஜெ. வந்தால் தட்டோடு எழுந்துபோகிற அதே அக்காக்கள்.

இடைவேளையில் ஒருத்தி: “பாவம்டி அந்தப் புள்ள. நம்ம இவ மாதிரியா, ஒண்ணுமில்லாததுக்கு ஊரக் கூட்டிக்கிட்டு.”

திரையில் இருப்பவள் சிவப்பாக இருக்கிறாள். அதனால் நம்பிவிடுகிறார்கள்.

படம் முடிந்து குரூப் போட்டோ. நான்தான் எடுக்க வேண்டும். அண்ணன் கத்தாரிலிருந்து அனுப்பிய போன் நன்றாக எடுக்கும் என்று ஆயுதபூஜை, பொங்கல் எல்லாவற்றுக்கும் நான்தான். ஜெ. ஓரத்தில் நின்றாள். எச்ஆர் மேடம் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மேனேஜர் பக்கத்தில் நிறுத்தினார். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஜெசி, கொஞ்சம் சிரி.

சிரித்தாள். எடுத்தேன். மேடம் கேட்டதும் அங்கேயே வாட்ஸப்பில் அனுப்பினேன்.

பப்ஸ் ஊசியிருந்தது.

10, திங்கள்

மழை. வேனில் வழக்கம்போலக் கடைசி சீட்.

ஜெ. ஆவூரிலேயே ஏறிவிடுவாள். நான் கீரனூரில். முதலில் ஏறுகிறவர்கள் அடுத்த ஊரில் ஏறுகிறவர்களுக்குச் சோத்துப்பையைப் போட்டு இடம் பிடிப்பது வேன் வழக்கம். அதில் மாற்றி உட்கார்ந்தால் சண்டை. ஜெ. எனக்குப் போடுவாள். அந்த சீட்டில்தான் ஒரு சாயங்காலம் சொன்னாள், துணி ஸ்டோரில் அந்த ஆள் இடுப்பைப் பிடித்ததை. எழுதிக் கொடு என்றவள் நான்.

கொடுத்தாள். மறுநாள் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த மாசம் செக்கிங் இன்சார்ஜ் நான்தானாம், வேண்டாத சகவாசம் எதற்கு என்றார். அன்றிலிருந்து கடைசி சீட்.

ஜெ. இன்னும் பையைப் போடுகிறாள். யாரும் உட்காருவதில்லை. தினமும் அதைத் தாண்டிப் போகிறேன்.

11, செவ்வாய்

பித்தான் சரியில்லாமல் ஒரு பண்டல் திரும்பி வந்தது. தலைவலி.

கேன்டீனில் பேச்சு: வியாழக்கிழமை விசாரணை. போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுவிட்டார்களாம். எச்ஆர் மேடமே சொன்னாராம், கை வைத்தவன் பக்கத்தில் எவளாவது சிரித்துக்கொண்டு நிற்பாளா என்று.

பப்ஸ், டீ, பிளெக்ஸ் எல்லாம் அந்த ஒரு போட்டோவுக்குத்தான். எடுத்துக் கொடுத்தது நான்.

12, புதன்

தூக்கம் சரியில்லை. செய்யக்கூடியவை:
லீவு போடுவது.
காய்ச்சல் என்பது.
போய்ச் சொல்வது.

அம்மாவிடம் பாதி சொன்னேன். சட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டது. “ஒனக்கு எதுக்குடி அந்த வம்பு? ஞாயித்துக்கிழம திருவரங்குளத்துலேருந்து பொண்ணு பாக்க வாராக. இதக் கேள்விப்பட்டா அங்கிட்டே திரும்பிப் போயிருவாக.”

போகட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வெளியே எவனையும் எதிர்த்துப் பேசுகிற வாய் இது. எரிச்சல். காஸ் புக் பண்ண வேண்டும்.

13, வியாழன்

போனேன்.

கூப்பிடவில்லை, நானாகக் கதவைத் தட்டினேன். விசாரணைக் கமிட்டி: எச்ஆர் மேடம், அக்கவுண்ட்ஸ் சார், புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த வக்கீலம்மா. எதிரில் ஜெ. உட்கார்ந்திருந்தாள். மேஜையில் போட்டோ. அதில் அவள் பல் தெரியச் சிரிக்கிறாள்.

மேடம் முகம் மாறியது. “படத்தப் பாத்துட்டு நீயும் வசனம் பேச வந்தியாம்மா?”

“போட்டோ எடுத்தது நான்தாங்க. சிரிக்கச் சொன்னதும் நான். ஜெசி ஓரமாத்தான் நின்னுச்சு. சார் பக்கத்துல கொண்டாந்து நிப்பாட்டுனது நீங்க.”

வக்கீலம்மா நிமிர்ந்தார். எதற்காகச் சிரிக்கச் சொன்னாய் என்று கேட்டார். போட்டோ என்றால் எல்லோரையும் அப்படித்தான் சொல்வேன் என்றேன். அவள் என்னிடம் ஸ்டோர் விஷயத்தைச் சொன்ன நாளையும் சொன்னேன்.

படத்தில் சாட்சி பேசும்போது வயலின் அழுதது. இங்கே, “சாரல் அடிக்குது, ஜன்னலச் சாத்துங்க” என்றார் அக்கவுண்ட்ஸ் சார். மேடம் இதெல்லாம் ரெக்கார்டில் வேண்டாம் என்றார். வக்கீலம்மா கேட்காமல் எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

ஜெ. என்னைப் பார்க்கவேயில்லை.

மத்தியானமே செக்கிங்கிலிருந்து நூல் வெட்டும் டேபிளுக்கு மாற்றிவிட்டார்கள். இன்சார்ஜ் வேறொருத்தி. முடிவு எப்போது சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேனேஜர் வழக்கம்போல லைனில் நடக்கிறார், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு.

14, வெள்ளி

விடாத மழை. வேன் லேட்.

ஏறினேன். காலி சீட் எல்லாவற்றிலும் பை. கடைசி சீட்டிலும். ஒருத்தியும் எடுக்கவில்லை. எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள். ஜெ. பக்கத்திலும் அவள் பை. அவளும் எடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, “ஒக்காரும்மா, பிரேக் போட்டா விழுந்துருவ” என்றார். எங்கே உட்கார?

நார்த்தாமலை பிரிவு ரோடு தாண்டியது. ஜெ. ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“நீ சொல்லலேன்னாலும் நான் சிரிச்சிருப்பேன்டி. அந்தாளு பக்கத்துல நின்னா அப்படித்தான் வருது.”

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரசம் கசிந்து சீட் ஈரமாக இருந்தது. உட்கார்ந்தேன்.