பழக்காரி வரும் பக்கம்

மேடம், உன் புத்தகத்தின் அட்டையில் இட்லி மாவு காய்ந்து ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் இன்னும் புளித்த வாசனை வருகிற மாதிரி இருக்கிறது. என் மாவாயிற்றே, லேசில் போகுமா?

வீட்டைக் காலி செய்தபோது உன் மகன், "இது உங்களுக்குத்தான் ஆன்ட்டி" என்று கொடுத்துவிட்டுப் போனான். இங்கிலீஷ் புத்தகம்! அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு!

தாபோடியில் நாம் அடுத்தடுத்த வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விற்பனைக்கு மாவு அரைப்பேன். நீ ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாதி முகம் மச்சமாகப் பிறந்த ஒரு சிறுமியின் கதையை, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வாய். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்துவாய். நீ வேலை பார்த்த பேங்கில் அப்படிக் கத்தியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

உன் முகத்தில் வெண்புள்ளி பரவிக்கொண்டிருந்த சமயம் அது. நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொன்றுக்கும் லோக்கல் ரயில் ஸ்டேஷன் பெயர் வைத்தேன். காதோரம் தாபோடி, கன்னத்தில் காசர்வாடி. ஒருநாள் மூக்கோரம் புதிதாக ஒன்று.

"மேடம், பிம்ப்ரி வந்தாச்சு!"

"கடைசி ஸ்டேஷன் லோனாவாலா எப்ப வரும்?"

"இந்த வேகத்துல போனா தீபாவளிக்கு."

"அப்ப அந்த ஊர்க் கடலைமிட்டாய், சிக்கி வாங்கி வை" என்றாய்.

கதையில் எனக்குப் பிடித்தவள் பழக்காரி. சிறுமியைக் கண்டதும் "வாடி என் சப்போட்டா!" என்று தெருவே கேட்கக் கூப்பிடுவாள். சிறுமியும் தினம் அங்கேதான் போவாள்.

"கிண்டல் பண்றவகிட்ட எதுக்குடி போகுது அது?"

"மத்தவங்கல்லாம் அவ முகத்தைப் பார்க்காமப் பேசுறாங்க. இவ ஒருத்திதான் பார்த்துப் பேசுறா."

"நல்ல பொம்பளை" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்து வைத்தேன்.

உன் பதினாறாம் நாள் சாப்பாட்டில் மாடி வீட்டு அக்கா, "ஓயாம அவளைக் கேலி பண்ணுவியே, மனசுக்குள்ள எவ்வளவு வெந்தாளோ" என்றார். அப்புறம் எனக்கே யாரையும் கிண்டல் செய்ய நாக்கு எழவில்லை. மாவு வாங்க வந்தவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். நீ வெந்தாயா இல்லையா என்று உன்னைக் கேட்டால் தெரியும். உன்னை எங்கே போய்க் கேட்பது?

போன வாரம் என் மகளிடம் புத்தகத்தைக் கொடுத்து, பழக்காரி வரும் பக்கத்தை மட்டும் படித்துச் சொல்லச் சொன்னேன்.

"அம்மா, இதுல பழக்காரியே இல்லம்மா."

"ஒழுங்காப் பாருடி."

"முழுக்கப் படிச்சிட்டேன். பழக்கடையே வரல."

அடிக் கள்ளி! என்னை என் வாயாலேயே நல்ல பொம்பளை என்று சொல்ல வைத்துவிட்டாயே. அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு இப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

இன்று காலை மாடி வீட்டு அக்கா மாவு வாங்க வந்தார். புதிதாக டை அடித்திருந்தார்.

"என்னக்கா, தலைக்குத் தார் ரோடு போட்டாச்சா?"

முதலில் முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன், மேடம்.