அம்மா எழுதிய சனிக்கிழமை மின்னஞ்சல்கள்

அன்புள்ள மகன் கிஷனுக்கு,

கிள்ளானிலிருந்து அப்பா எழுதுவது. எனக்கு உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை, நீயும் ஷாமினியும் டப்ளினில் சுகம் என்று மருமகள் போடும் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். இங்கே விடாத மழை, பின்பக்கத்துக் கால்வாய் நிரம்பி அடுப்படிக்குள் தண்ணீர் வந்துவிட்டது, பக்கத்து வீட்டுப் பழனியப்பன்தான் அரிசி வாளியைத் தூக்கி மேலே வைத்தார். அவரும் அடுத்த மாதம் டெங்கிலில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுகிறார்.

அம்மாவின் இரண்டாம் வருடத் திதி போன மாதம் முடிந்தது. படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, சனிக்கிழமைதோறும் அவள் உனக்கு எழுதியதையெல்லாம் படிக்க வேண்டும் போல் இருந்தது. பதினோரு வருடம் எழுதினாள். அனுப்புமுன் எனக்கு வாசித்துக் காட்டுவாள், நான் டிவியைப் பார்த்துக்கொண்டே ம் போடுவேன், ஒரு வரிகூட மனதில் தங்கவில்லை. அது என் குற்றம், உன்மேல் போடவில்லை. மழையும் முட்டிவலியுமாக மூன்று வாரம் கழித்துத்தான் அவளுடைய பாஸ்வர்ட் நோட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் வாசுவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இப்படி ஒரு அக்கவுண்டே இல்ல லா. ரெண்டு வருஷம் யாரும் தொறக்கலன்னா அவங்களே அழிச்சிடுவாங்க, முன்னாடியே வார்னிங் அனுப்பியிருப்பாங்களே" என்றார். நோட்டில் மாற்று முகவரி என்று அம்மா எழுதி வைத்திருந்தது உன்னுடையதை. கடை வாசலிலிருந்தே உன்னைக் கூப்பிட்டேன். அந்த வார்னிங் வந்தது, ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டதாகச் சொன்னாய். சரி, உனக்கு வந்தவையாவது உன்னிடம் இருக்குமே என்றேன். "இன்பாக்ஸ் நெறஞ்சு போச்சுப்பா, பழசெல்லாம் டிலீட் பண்ணிட்டேன், ஆறு வாரம் இருக்கும்" என்றாய். அழித்தது முப்பது நாள்தான் குப்பையில் கிடக்குமாம், பிறகு யாராலும் எடுக்க முடியாதாம், வாசு சொன்னார். திதியன்று நீ ஒரு போன் செய்திருந்தால் அன்றே கேட்டிருப்பேன், முப்பது நாள் முடிந்திருக்காது.

அதுகூடப் பரவாயில்லை. "அதுல என்னப்பா இருந்துச்சு, சாப்டியா, குளிருதான்னுதான் எழுதுவாங்க" என்றாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாப்பிட்டாயா என்று அவள் கேட்டதைத்தானடா நான் படிக்க வேண்டும் என்றேன். வாசு எனக்கு நாற்காலி போட்டு, குடிக்க ஒரு டம்ளர் தே தாரே வாங்கிக் கொடுத்தார்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. அம்மா எழுதியதில் ஒரே ஒரு வரி ஞாபகம் இருந்தாலும் அதைக் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பு. ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே எழுது. எனக்காக எதையும் புதிதாகச் சேர்த்து எழுதாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரெங்கசாமி